கப்பல் நிற்கும் பகலில் தீவின் மறுபக்கம்

நேயர்களுக்கு வணக்கம். உல்லாசக் கப்பலில் போகிறவர்கள் ஒரு தீவில் இறங்கி, ஜீப்பிலோ ஏடிவி என்கிற நான்கு சக்கர வண்டியிலோ கரடுமுரடான மண்பாதையில் சுற்றிவிட்டு, மாலைக்குள் கப்பலுக்குத் திரும்புவது உண்டு. அந்த ஒரு பகல் பயணத்துக்கு எப்படித் தயாராவது என்று பேசத்தான் வந்திருக்கிறேன். எனக்கு இந்தப் பயணங்கள் ரொம்பப் பிடிக்கும். மேல்தளத்தில் நின்று பார்த்தால் பல தீவுகள் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. ஒரு துறைமுகம், நினைவுப்பொருள் விற்கும் கடைகள், பின்னால் கொஞ்சம் மலை. அந்தக் கடை வரிசையைத் தாண்டி அரை மணி நேரம் உள்ளே போனால்தான் எந்தத் தீவுக்கு வந்திருக்கிறோம் என்பதே புரியும்.

கரீபியன் கடலில் உள்ள அருபாவை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் வந்து நிற்கும் ஒரான்யெஸ்டாட் பக்கம் கடல் சாதுவாக இருக்கும். வெள்ளை மணல், ஓட்டல்கள், குடைகள். தீவைக் குறுக்கே கடந்து வடகிழக்குக் கரைக்குப் போனால் வேறு உலகம். கள்ளிக்காடு, பாறை, புழுதி, ஓயாமல் வீசும் காற்று, பாறையில் வந்து மோதும் பெரிய அலைகள். 1824-இல் இந்தத் தீவில் தங்கம் கிடைத்தது. அந்தத் தங்கத்துக்காகப் பின்னாளில் கட்டிய ஆலையின் இடிபாடுகள் புஷிரிபானாவில் கடலைப் பார்த்தபடி இன்னும் நிற்கின்றன. பக்கத்திலேயே இயற்கையாக உருவான ஒரு பெரிய கல்பாலம் இருந்தது. 2005-இல் இடிந்து விழுந்துவிட்டது. தெற்கே அரிகோக் தேசியப் பூங்கா. தீவின் பரப்பில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அது. அதன் கரையில் பாறைகள் வளையமாகச் சூழ்ந்த கோன்ச்சி என்ற இயற்கைக் குளம் இருக்கிறது. அதற்குப் போகும் பாதையில் சாதாரண கார் போகாது.

இப்படிப்பட்ட இடத்துக்குக் கிளம்பும்போது பாதையைப் பற்றித்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். வண்டி கவிழுமா, பள்ளத்தில் இறங்குமா என்று கேட்கிறார்கள். நான் பார்த்தவரை பாதையைவிட அதிகத் தொல்லை தருவது அவசரம்தான். நேரம் போதவில்லை என்று வேகம் கூட்டுகிறார்கள். காலையில் தாமதமாகிவிட்டது என்பதற்காக, வழிகாட்டி தரும் விளக்கத்தைக் காதில் வாங்காமல் வண்டியில் ஏறுகிறார்கள். தண்ணீர் வாங்க நேரமில்லாமல் வெயிலில் கிளம்பிவிடுகிறார்கள். முன்கூட்டியே செய்துகொள்ளும் ஏற்பாடுகள் எல்லாம் இந்த அவசரத்தைத் தவிர்க்கத்தான்.

ஆகவே முதலில் நேரக் கணக்கு. கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குக் கிளம்பும் என்று அட்டவணையில் இருந்தால் ஒன்பது மணி நேரம் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அவ்வளவு கிடைக்காது. கப்பல் வந்து நின்றதும் உள்ளூர் அதிகாரிகள் அனுமதி கொடுக்கும்வரை யாரும் இறங்க முடியாது. அதன் பிறகு இறங்குவதற்கு வரிசை. மாலையில் பயணிகள் அனைவரும் கப்பலுக்குள் வந்துவிட வேண்டிய நேரம் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே இருக்கும், சில சமயம் அதற்கும் முன்னால். அதிலிருந்து இன்னும் ஒரு மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள். டயர் பஞ்சர், வழியில் மழை, துறைமுகச் சாலையில் நெரிசல், எதுவும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஆக, 5 மணிக்குப் புறப்படும் கப்பல் என்றால் மூன்றரைக்கே துறைமுகத்தில் இருக்க வேண்டும். காலைக் கணக்கையும் சேர்த்தால் கையில் இருப்பது ஏழு மணி நேரத்துக்கும் குறைவு. ஏற்பாட்டாளர் "முழுநாள் பயணம்" என்று சொன்னால், துறைமுகத்தில் எத்தனை மணிக்கு இறக்கிவிடுவார் என்று அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாத் துறைமுகத்திலும் கப்பல் கரையோடு ஒட்டி நிற்பதில்லை. கிராண்ட் கேமன், போரா போரா போன்ற இடங்களில் கடலிலேயே நங்கூரம் போட்டுவிட்டு, டெண்டர் என்ற சின்னப் படகுகளில் பயணிகளைக் கரைக்குக் கொண்டுபோவார்கள். போரா போராவில் 1942-இல் அமெரிக்கப் படையினர் மலைமேல் நிறுத்திய பீரங்கிகளைப் பார்க்க ஜீப்பில் ஏறலாம். அருமையான பயணம். ஆனால் போகும்போதும் வரும்போதும் படகுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் கேட்காமல் கரையில் கால் வைக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் கைபேசி. கப்பல் தன் நேரத்தில் ஓடும், தீவு தன் நேரத்தில் ஓடும். இரண்டும் எப்போதும் ஒன்றாக இருக்காது. மெக்ஸிகோவின் கோசுமெல் தீவு இருக்கும் கின்டானா ரூ மாநிலத்தில் 2015 முதல் ஆண்டு முழுவதும் ஒரே நேரம்தான். பல கப்பல்கள் கிளம்பும் அமெரிக்காவின் புளோரிடாவிலோ கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கிறார்கள். புளோரிடா நேரத்தை மாற்றாமல் வரும் கப்பலில் 4 மணி ஆகும்போது கோசுமெலில் 3 மணிதான். உங்கள் கைபேசி உள்ளூர் கோபுரத்தைப் பிடித்ததும் தானாகவே 3 என்று காட்டும். ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கடற்கரையில் உட்கார்ந்திருப்பீர்கள். அதனால் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். இறங்கும் வாசலிலேயே அன்றைய நேரத்தை எழுதி வைத்திருப்பார்கள். அதையும் பாருங்கள்.

கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனால், அது தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் அடுத்த இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு அவர்களுடையது. வெளியில் ஏற்பாடு செய்துகொண்டால் விலை குறையலாம், கூட்டமும் குறைவாக இருக்கும், நல்ல உள்ளூர் ஓட்டுநர்களும் கிடைப்பார்கள். ஆனால் கப்பல் உங்களுக்காக நிற்காது. நான் இரண்டையும் தவறு என்று சொல்ல மாட்டேன். தொலைதூர மலைப்பாதை, ஒரே சாலை உள்ள தீவு, டெண்டர் படகு துறைமுகம் என்றால் கப்பலின் சுற்றுலாவையே எடுங்கள். எதற்கும் கப்பலில் தரும் அன்றாட நிகழ்ச்சித் தாளில், அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் சார்பாக இருக்கும் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். கிளம்பும் முன் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வண்டி. ஏடிவி என்பது மோட்டார் சைக்கிள் போலக் கால் போட்டு உட்கார்ந்து ஓட்டுவது. வளைவிலும் சரிவிலும் உடம்பைச் சாய்த்துச் சமநிலை கொடுக்க வேண்டும். யூடிவி அல்லது பக்கி என்பதில் ஸ்டீயரிங், சீட் பெல்ட், தலைக்கு மேல் இரும்புக் கூண்டு எல்லாம் உண்டு. முதல்முறை போகிறவர்களுக்கு நான் ஏடிவியைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒருவர் ஓட்டத் தயாரித்த ஏடிவியில் பின்னால் இன்னொருவரை ஏற்றுவது கூடவே கூடாது, ஏற்பாட்டாளர் பரவாயில்லை என்று சொன்னாலும். ஓட்டுகிறவர் ஓட்டுநர் உரிமத்தின் அசலைக் கொண்டுபோக வேண்டும். கைபேசியில் இருக்கும் படத்தைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். எந்த வண்டி எங்கே போகலாம் என்பதையும் கேளுங்கள். அரிகோக் பூங்காவுக்குள் ஏடிவிக்கும் யூடிவிக்கும் அனுமதி இல்லை. அந்தக் குளத்துக்குப் போக ஆசைப்பட்டால் ஜீப் பயணம்தான் எடுக்க வேண்டும்.

உடம்பு விஷயத்தை ஒளிக்காதீர்கள். முதுகுத்தண்டு, கழுத்து, இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பயணத்துக்குப் போகக்கூடாது என்று படிவத்தில் எழுதியிருப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. நான்கு மணி நேரக் குலுக்கல் முதுகெலும்பை நேரடியாகத் தாக்கும். லேசான முதுகுவலி மட்டும் உள்ளவர் என்றால், ஜீப்பில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைக் கேளுங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உட்கார்ந்தால் குலுக்கல் குறைவு. பின் அச்சுக்குப் பின்னால், பக்கவாட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தவர்தான் ஒவ்வொரு பள்ளத்திலும் எகிறி விழுவார். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அதன் விலக்குப் பட்டியலையும் படியுங்கள். ஏடிவி ஓட்டி அடிபட்டால் பணம் தர மாட்டோம் என்று பல பாலிசிகளில் எழுதியிருக்கும்.

கடல் குமட்டலுக்கு மாத்திரை போடுகிறவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். அந்த மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைப்பவை. காலையில் அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்ட உட்காரக்கூடாது. தேவைப்பட்டால் அன்று ஓட்டும் பொறுப்பைத் துணையிடம் கொடுத்துவிடுங்கள். சில நாள் கடலில் இருந்துவிட்டு இறங்கும்போது தரையே ஆடுவது போல இருக்கும். அது சரியாகும்வரை ஸ்டீயரிங்கைத் தொட வேண்டாம். முந்தின இரவு மதுவைத் தள்ளிவைப்பதும் இதில் சேர்த்திதான்.

உடையைப் பொறுத்தவரை, கெட்டுப்போனாலும் கவலையில்லாத பழைய துணி. ஹவாயின் காவாய் தீவில் மண்ணில் இரும்பு ஆக்ஸைடு அதிகம். அந்தச் செம்மண் கறை துவைத்தாலும் போகாது. முழுக்கை, முழுக்கால் உடை வெயிலுக்கும் முள்ளுக்கும் நல்லது. விரல்களை மூடிய ஷூ கட்டாயம், செருப்பு வேண்டாம். மூக்கையும் வாயையும் மூட ஒரு பருத்தித் துணி, பக்கங்களும் மூடிய கண்ணாடி. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்று மூக்குக் கண்ணாடிக்கு மாறிவிடுங்கள். புழுதியில் லென்ஸ் பெரிய வேதனை.

ஒரு துணியை மட்டும் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். காட்டுப் பயணம் என்றதும் பலர் ராணுவ வண்ணத் திட்டுப் போட்ட கால்சட்டையை எடுப்பார்கள். பார்பேடோஸ், செயின்ட் லூசியா, ஜமைக்கா உட்படப் பல கரீபியன் தீவுகளில் பொதுமக்கள் அந்த உடை அணிவது சட்டப்படி குற்றம். குழந்தைகளின் தொப்பிக்கும் பைக்கும்கூட அதே சட்டம்தான்.

வெயில் விஷயத்தில் காற்று ஏமாற்றும். அருபா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 12 பாகையில் இருக்கிறது. வெயில் உச்சந்தலையில் அடித்தாலும், வீசும் காற்றில் சூடு தெரியாது. இரவில் தோல் எரியும்போதுதான் தெரியும். கிளம்புவதற்கு அரை மணி முன்பே சன்ஸ்கிரீன் தடவுங்கள். அது எந்த வகை என்பதையும் பாருங்கள். பவளப்பாறைகளைக் காக்க ஆக்ஸிபென்சோன் என்ற ரசாயனம் கலந்தவற்றை அருபா 2020-இல் தடை செய்தது. ஹவாயில் 2021 முதல் அதையும் ஆக்டினாக்ஸேட் கலந்தவற்றையும் கடைகளில் விற்கக்கூடாது. இந்த இரண்டும் இல்லாத, துத்தநாக ஆக்ஸைடு கலந்த வகைக்கு இந்தத் தடைகள் பொருந்தாது. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். சாப்பாட்டு மேசையிலிருந்து பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். பூச்சியும் பயிர்நோயும் பரவாமல் இருக்கப் பல தீவுகளில் அதற்குத் தடை உண்டு.

வண்டியில் ஏறியபின் சில விஷயங்கள். யூடிவி சாய்வது போலத் தோன்றினால் கையை வெளியே ஊன்றத்தான் மனசு சொல்லும். கை நசுங்குவது அப்படித்தான். கைகளைக் கூண்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். ஜீப் ஓட்டினால் ஸ்டீயரிங் வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைக்காமல் வெளிப்பக்கமாக வையுங்கள். சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீயரிங் வெடுக்கென்று திரும்பும், விரல் உடையும். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் குறைந்த கியரில் இறங்குங்கள். முன்னால் போகும் வண்டியின் புழுதி அடங்கும் அளவு இடைவெளி விடுங்கள். பின்தங்கிவிட்டோமே என்று துரத்த வேண்டாம். நல்ல வழிகாட்டி ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எண்ணிப் பார்ப்பார்.

நிறுத்தும் இடங்களிலும் கவனம் வேண்டும். கரீபியன் கடற்கரைகளில் மன்சினீல் என்ற மரம் உண்டு. பழம் சின்னப் பச்சை ஆப்பிள் போல இருக்கும். கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினாலும் இலையிலிருந்து சொட்டும் நீர் தோலில் கொப்புளம் கிளப்பும். சில இடங்களில் அடிமரத்தில் சிவப்பு வண்ணம் பூசி எச்சரித்திருப்பார்கள், எல்லா இடத்திலும் இல்லை. கோன்ச்சி குளத்தில்கூடக் கடல் கொந்தளிக்கும் நாட்களில் இறங்கக்கூடாது. வழிகாட்டி வேண்டாம் என்று சொன்னால், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று வாதாட வேண்டாம். மழை பெய்த மலைத்தீவுகளில் ஓடைகள் சில நிமிடங்களில் பெருகும். வண்டியை ஓடைக்குள் இறக்கலாமா என்பதை உள்ளூர்க்காரரிடம் விட்டுவிடுங்கள்.

சேறும் தேங்கிய நன்னீரும் பற்றி இன்னொன்று. எலி போன்ற விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரும். ஹவாய் ஓடைகளில் இதற்கு எச்சரிக்கை உண்டு. காலில் திறந்த புண் இருந்தால் நீர் புகாத கட்டுப் போடுங்கள், வாயில் சேற்றுநீர் படாமல் பாருங்கள். கப்பலுக்குத் திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து, கீறல்களைச் சுத்தம் செய்யுங்கள். இந்தக் காய்ச்சல் உடனே வராது. பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும், சிலருக்கு நான்கு வாரம்கூட ஆகும். அதற்குள் வீடு திரும்பி, பயணத்தையே மறந்திருப்பீர்கள். அப்போது காய்ச்சலும் கடுமையான தசைவலியும் வந்தால், எந்தத் தீவில் எந்தச் சேற்றில் இறங்கினீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு அந்தச் சந்தேகம் வர வழியில்லை.

நன்றி. வணக்கம்.