"தவறினால் என்ன?" என்பதையும் அரசியல் யாப்பே சொல்ல வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, திருகோணமலைப் பெருமக்களே, வணக்கம்.

ஒரு நாட்டின் எழுதப்பட்ட அரசியலமைப்பில், அதாவது அரசியல் யாப்பில், முதலிடம் பெற வேண்டியது உரிமைகளா, அவற்றை நிறைவேற்றும் ஏற்பாடுகளா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் உரிமைகளுக்காகப் பேசினார். 1787இல் 7 உறுப்புரைகளோடு எழுதிய அமெரிக்க யாப்பு இன்றும் நிற்கிறது, கொள்கையை யாப்பில் வையுங்கள், நாள் கணக்கைச் சாதாரணச் சட்டத்துக்கு விடுங்கள் என்றார். எங்கள் அணி ஏற்பாடுகளின் பக்கம். உரிமை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எழுதிய உரிமையை எங்கே கேட்பது, எத்தனை நாளுக்குள், யார் செய்து தர வேண்டும், அவர் செய்யாமல் விட்டால் என்ன நடக்கும்? இந்த நான்கும் யாப்பில் இல்லையென்றால் அந்த உரிமை கைக்கு வராது.

இலங்கைச் சுதந்திரத்தோடு வந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவை எடுங்கள். ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ பாதகமான சட்டத்தை நாடாளுமன்றம் ஆக்கக் கூடாது என்றது. 1956இல் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்தது. சிங்களப் பரீட்சைக்குத் தோற்றாததால் சம்பள உயர்வு நிறுத்தப்பட்ட அரச எழுதுவினைஞர் கோடீஸ்வரன் வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசு மீது வழக்குத் தொடர முடியாது என்று அதைத் தள்ளியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்விக்குள் போகவே இல்லை. 1969இல், அன்று நமக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில், வழக்குத் தொடரலாம் என்று சொல்லி, அந்தக் கேள்வியை மறுபடி இங்கேயே அனுப்பியது. பதில் வருவதற்குள் 1972 யாப்பு வந்தது, 29ஆம் பிரிவு போய்விட்டது. கால் நூற்றாண்டு எழுத்தில் இருந்த ஒரு பாதுகாப்பு, மொழிச் சட்டம் செல்லுமா என்பதில் இறுதித் தீர்ப்பைக் காணாமலே முடிந்தது.

இன்றைய யாப்புக்கு வருவோம். மூதூரில் ஒருவரைக் காரணம் சொல்லாமல் பிடித்துப் போகிறார்கள் என்று வையுங்கள். 13ஆம் உறுப்புரை மீறப்பட்டுவிட்டது. 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடுவதிலேயே முதல் நாட்கள் போய்விடும். பிறகு முறைப்பாட்டுப் பிரதி, நீதவான் நீதிமன்றப் பதிவேட்டுப் பிரதி, வைத்திய அறிக்கை, சத்தியக்கடதாசி, தமிழ் ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு. அத்தனையையும் எடுத்துக்கொண்டு 260 கிலோமீட்டர் போய்க் கொழும்பு புதுக்கடையில் சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும். இரண்டு நீதியரசர்களாவது அனுமதித்தால்தான் மனு மேலே நகரும். ஒரு மாதம் தவறினால் பொதுவாகக் கதவு மூடிவிடும். அதே உறுப்புரை, மனுவை இரண்டு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன, அதற்கு எந்த விளைவும் இல்லை. பாதிக்கப்பட்டவருக்கு வைத்த கெடுவுக்கு மட்டும்தான் இங்கே பல் இருக்கிறது.

அவையோருக்கு ஒன்று, இது வாதத்துக்காக அல்ல, பயன்படட்டும் என்பதற்காக: ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்துவிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு. யாப்பு விட்ட ஓட்டையைச் சாதாரணச் சட்டம் ஓரளவு அடைத்திருக்கிறது. ஆனால் சாதாரணச் சட்டத்தைச் சாதாரணப் பெரும்பான்மையே நீக்கிவிடலாம். இந்தியாவில் 226ஆம் உறுப்புரைப்படி மாநில உயர் நீதிமன்றத்திலேயே இத்தகைய மனுவைப் போடலாம். நம் மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் அந்த அதிகாரத்தை யாப்பு கொடுத்திருக்கலாம்.

கெடு மட்டும் போதாது, "தவறினால்" என்ற சொல்லும் வேண்டும் என்பதற்கு 17ஆம் திருத்தம் சான்று. 2001இல், உயர் பதவிகளுக்கும் சுயாதீன ஆணைக்குழுக்களுக்குமான நியமனங்களைக் கவனிக்கும் அரசியலமைப்புப் பேரவையை உருவாக்கினார்கள். 2005க்குப் பிறகு ஓர் உறுப்பினரின் பெயர் இழுபட்டது, நியமனம் நடக்கவில்லை, பேரவையே இயங்காமல் போனது. 2015இல் 19ஆம் திருத்தம் எழுதியவர்கள் பாடம் படித்திருந்தார்கள்: பேரவை உறுப்பினர்களின் பெயர்கள் கிடைத்து 14 நாளுக்குள் ஜனாதிபதி நியமிக்காவிட்டால், அவர்கள் நியமிக்கப்பட்டவர்களாகவே கருதப்படுவர். யாருடைய கையெழுத்துக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.

இனி நம் வாசலுக்கே வருகிறேன். கிழக்கு மாகாண சபை இந்த ஊரில்தான் கூடியது. 2012இல் தெரிவான சபையின் 5 ஆண்டு, 2017 செப்டெம்பரில் முடிந்தது. 2025இலும் தேர்தல் இல்லை, ஆளுநரே நிர்வாகத்தை நடத்துகிறார். எப்படி நடந்தது? 2017 செப்டெம்பரில், வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு இடம் உறுதிசெய்ய வந்த ஒரு சட்டமூலம், நாடாளுமன்றத்தின் குழு நிலையில் தேர்தல் முறையையே மாற்றும் சட்டமாக உருமாறியது. அப்போது, நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் வந்து ஒரு வாரத்துக்குள்தான் சட்டமூலத்தை நீதிமன்றத்தில் எதிர்க்க முடிந்தது. குழு நிலையில் நுழைந்ததை எதிர்க்க அந்த வாரம் உதவவில்லை. சட்டமான பின்போ, அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்ற 80ஆம் உறுப்புரை வாயை அடைத்துவிடும். புது முறைக்கு எல்லை நிர்ணயம் வேண்டும். அந்த அறிக்கையை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றம் தோற்கடித்தது, ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. மீளாய்வுக் குழுவுக்குச் சட்டம் இரண்டு மாதம் கொடுத்தது. அறிக்கை வரவில்லை. வராவிட்டால் என்ன என்று சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

எதிரணித் தலைவர் அவர்களே, நாள் கணக்கைச் சாதாரணச் சட்டத்துக்கு விட்டதன் விலை இது.

பணத்தையும் மறக்கக் கூடாது. 2023 மார்ச் 9ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடக்க இருந்தது. நிதி வரவில்லை. ஒதுக்கிய நிதியைத் தடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டும் தேர்தல் நடக்கவில்லை. உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் தீர்ப்பு வந்தது. வாக்குப்பெட்டி வந்தது 2025 மே 6ஆம் திகதி.

இந்திய யாப்பின் 243E உறுப்புரை, பஞ்சாயத்தின் காலம் முடியும் முன்பே, கலைக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள், தேர்தலை நடத்தி முடிக்கச் சொல்கிறது. அங்கேயும் மாநிலங்கள் இழுத்தடிப்பது உண்டு. ஆனால் நீதிமன்றம் போகிறவர் கையில் யாப்பின் வரியே இருக்கிறது.

எங்கள் அணி எழுதிக் கொண்டுவந்த வரிகளை வாசிக்கிறேன். "மாகாண சபையின் பதவிக்காலம் முடியும் முன் தேர்தல் நடத்தி முடிக்கப்பட வேண்டும். எல்லை நிர்ணயம் அதற்குள் நிறைவேறாவிட்டால், இறுதியாகத் தேர்தல் நடந்த முறையிலேயே அது நடத்தப்படும். செலவு, எவருடைய அனுமதியும் வேண்டாமல், திரட்டு நிதியத்திலிருந்து நேரே வழங்கப்படும். மீறப்பட்டால், அம்மாகாணத்தின் எந்த வாக்காளரும் அம்மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்."

நான்கு வாக்கியங்கள், நடுவர் அவர்களே. இவற்றில் எதைச் சாதாரணச் சட்டத்துக்கு விடலாம் என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் இந்த அவைக்குச் சொல்லட்டும்.