கட்டியவருக்குத் தெரிந்த விமானம்

வணக்கம், நேயர்களே.

கார் ஷெட்டிலும் வீட்டுப் பின்புறக் கொட்டகையிலும் சாதாரண மனிதர்கள் விமானம் கட்டுகிறார்கள் என்று சொன்னால் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை. பொம்மை விமானம் அல்ல. ஒருவரோ இருவரோ ஏறி உட்கார்ந்து பல நூறு கிலோமீட்டர் பறந்து போகக்கூடிய நிஜ விமானம். அமெரிக்காவின் வேன்ஸ் நிறுவனம் பாகங்களாக விற்கும் ஆர்வி வகை விமானங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் மட்டும் 11,000-க்கும் மேற்பட்டவை இப்படித் தனி மனிதர்கள் கைகளால் உருவாகிப் பறந்திருக்கின்றன.

இதைக் கேட்டதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, இது பாதுகாப்பானதா என்பது. அந்த விமானத்தைப் பற்றி அதில் ஏறுகிறவருக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்தது என்பேன். நானும் அலுமினியத் தகட்டில் ஒன்றைக் கட்டிப் பறப்பவன். அந்த அனுபவத்தில் ஊறிய கருத்து இது.

இந்த ஆசை புதியதல்ல. விமான முன்னோடிகளில் ஒருவரான சான்டோஸ் டுமோன்ட் தன்னுடைய டெமோய்செல் என்ற குட்டி விமானத்தை, காப்புரிமை எதுவும் கேட்காமல், யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டார். 1930-களில் பிரான்சில் ஹென்றி மின்யே ‘பூ து சியேல்’ என்ற விமானத்தின் செய்முறையை வெளியிட்டார். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இறக்கை, கால் பெடல் கிடையாது, கைப்பிடி ஒன்றே போதும். பெட்டி செய்யத் தெரிந்தவர் இதையும் செய்துவிடலாம் என்று ஐரோப்பா முழுக்க ஆளாளுக்குக் கட்டினார்கள். பிறகு உயிர்கள் போகத் தொடங்கின. முழு விமானத்தையும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோதுதான் காரணம் தெரிந்தது. மூக்கு ஓர் அளவுக்குமேல் கீழே சாய்ந்துவிட்டால், முன் இறக்கையும் பின் இறக்கையும் ஒன்றின் காற்றோட்டத்தை ஒன்று பாதித்து, விமானத்தை மீண்டும் நிமிர்த்தவே முடியாமல் போகிறது. அந்த ஆட்கள் தச்சுவேலையில் குறை வைக்கவில்லை. விமானம் எந்த நிலையில் எப்படி நடந்துகொள்ளும் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இன்றைக்கு வடிவமைப்புகள் நன்றாகச் சோதிக்கப்பட்டவை. ஆகவே பொறுப்பு கட்டுகிறவர் பக்கம் நகர்ந்துவிட்டது. தகடுகளை இணைக்கும் சிறு உலோக ஆணியான ரிவெட்டை அடிப்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் அலுமினிய விமானத்தில் ஆயிரக்கணக்கான ரிவெட் இருக்கும். ஒரு பக்கம் ஒருவர் காற்றழுத்தத் துப்பாக்கியால் தட்டுவார். மறுபக்கம் இன்னொருவர் கனமான இரும்புக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்வார். ரிவெட்டின் வால்முனை நசுங்கி அங்கே ஒரு புதுத் தலை உருவாகும். அந்தத் தலையின் அகலம் ரிவெட்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கும், உயரம் விட்டத்தில் பாதியும் இருக்க வேண்டும். துளை தகட்டின் ஓரத்திலிருந்து குறைந்தது விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு உள்ளே தள்ளி இருக்க வேண்டும். துளை போட்டபின் நிற்கும் பிசிறை வழிக்காமல் விட்டால், என்றோ ஒருநாள் அங்கேதான் விரிசல் பிறக்கும். இவற்றில் எதுவும் கஷ்டமான வேலை இல்லை. ஆனால் இறக்கையின் மேல்தகட்டை மூடிவிட்டால் உள்ளே இருப்பதைப் பிறகு யாரும் சுலபமாகப் பார்க்க முடியாது. அதனால் மூடுவதற்கு முன்னால் ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து, தேதியோடு குறித்து வையுங்கள் என்று நான் எல்லாரிடமும் கெஞ்சுகிறேன்.

மரம், துணி, ஃபைபர்கிளாஸ் என்று வேறு முறைகளும் உண்டு. விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் 1970-களில் ஃபோமை வெட்டி வடிவம் கொடுத்து, அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸி என்ற பிசினால் ஒட்டும் முறையைப் பரப்பினார். அச்சு வேண்டாம், பெரிய இயந்திரம் வேண்டாம். அங்கே கவலை வேறு மாதிரி. ஒட்டாமல் போன இடம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாணயத்தால் மேற்பரப்பு முழுக்க மெல்லத் தட்டிக்கொண்டே போனால், நன்றாக ஒட்டிய இடம் கணீரென்று ஒலிக்கும், ஒட்டாத இடம் மந்தமாக ஒலிக்கும்.

சரி, எரிபொருளுக்கு வருகிறேன். நான் மிகவும் அஞ்சுகிற இடம் இதுதான். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், விபத்துகளுக்கு முதன்மையான காரணங்களாக இன்ஜின் செயலிழப்பும் பறக்கும்போது கட்டுப்பாடு இழப்பதும் வந்தன. இன்ஜின் நின்றுபோவது என்றால் உள்ளே பிஸ்டன் உடைவது என்று நினைக்க வேண்டாம். டேங்கிலிருந்து பெட்ரோல் போதிய அளவு வந்து சேராமல் போனாலும் இன்ஜின் நின்றுவிடும். அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. விமானத்தின் மூக்கை, அது ஏறக்கூடிய அதிகபட்சக் கோணத்தில் இருக்கும் அளவுக்குத் தூக்கி நிறுத்துங்கள். டேங்கில் கொஞ்சமாக எரிபொருள் இருக்கட்டும். கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றி ஒரு கேனுக்குள் விட்டு, நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று அளந்து பாருங்கள். பம்ப் வைத்த அமைப்பில், முழு விசையில் இன்ஜின் குடிக்கும் அளவைப்போல் 125 சதவீதம் வர வேண்டும். தானாக வழிந்து இறங்கும் அமைப்பில் 150 சதவீதம் வர வேண்டும். ஒரு மதியவேளையில் முடிந்துவிடும் வேலை. இதைச் செய்யாமல் ஓடுபாதைக்குப் போகிறவரை நான் தடுத்து நிறுத்துவேன்.

இந்த இடத்தில் ஒரு விபத்தைச் சொல்லியாக வேண்டும். 1997 அக்டோபர் 12. பாடகர் ஜான் டென்வர் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸி. வேறொருவர் கட்டியது, இவர் புதிதாக வாங்கியது. எரிபொருள் டேங்கை மாற்றும் வால்வு, வரைபடத்தில் விமானியின் கால்களுக்கு நடுவே இருந்தது. கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். எரிபொருள் குழாய் விமானியின் அறைக்குள் வரக்கூடாது என்பது அவருடைய நோக்கம். அதை அலட்சியம் என்று சொல்ல முடியாது, அவர் யோசித்துத்தான் செய்தார். ஆனால் அந்த வால்வைத் திருப்ப வேண்டுமானால் உடம்பையே திருப்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது வலது கால் தன்னையறியாமல் ரடரின், அதாவது வாலில் உள்ள திசைமாற்றும் தகட்டின், பெடலை அழுத்தும். விசாரணை முடிவில் இதுவும், எரிபொருள் நிரப்பாமல் கிளம்பியதும், அளவுகோடுகள் இல்லாத எரிபொருள் காட்டியும், அந்த வகை விமானத்தில் அவருக்குப் போதிய பயிற்சி இல்லாததும் சேர்த்தே சொல்லப்பட்டன.

கட்டியவருக்கு அந்த வால்வு எங்கே இருக்கிறது, எதற்காக அங்கே இருக்கிறது என்று தெரியும். வாங்கியவருக்கு அந்தப் பழக்கம் வரவேயில்லை. 2012 ஆய்வும் இதைத்தான் காட்டியது. 2011-இல் நடந்த இத்தகைய விபத்துகளில் பாதிக்கும் மேற்பட்டவை, தற்போதைய உரிமையாளர் கட்டாமல் இன்னொருவரிடமிருந்து வாங்கிய விமானங்களில் நடந்தவை. அமெரிக்காவில் கட்டியவருக்கே தன் விமானத்தை ஆண்டுதோறும் பரிசோதித்துக் கையெழுத்திடச் சான்றிதழ் தருகிறார்கள். விமானத்தை விற்றால் அந்தச் சான்றிதழ் வாங்கியவருக்குப் போகாது. மிகவும் நியாயமான விதி என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் முதல் பறத்தல். அதற்கு முன் எடை போட வேண்டும்: மூன்று சக்கரத்துக்கும் கீழே மூன்று தராசு வைத்து, ஈர்ப்பு மையம் எங்கே விழுகிறது என்று கணக்கிட வேண்டும். மையம் அளவுக்கு மேல் பின்னால் போனால், ஸ்டால் ஆன, அதாவது இறக்கையின் தூக்குவிசை குறைந்துபோன விமானத்தை மீட்பது கடினமாகிவிடும். அமெரிக்க விதியில் நெடுங்காலமாக, சான்று பெற்ற இன்ஜினும் புரொப்பெல்லரும் சேர்ந்திருந்தால் 25 மணி நேரமும், மற்றபடி 40 மணி நேரமும் சோதனைப் பறத்தல் என்று இருந்துவந்திருக்கிறது. ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில், பயணி இல்லாமல். சிலர் இந்த மணிகளை வட்டமடித்தே கழித்துவிடுகிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தம் தரும். எந்த வேகத்தில் ஸ்டால் ஆகிறது, எந்த வேகத்தில் நன்றாக ஏறுகிறது, பின்பக்கம் சுமை கூடினால் கைப்பிடி எப்படி லேசாகிறது என்று இந்த நேரத்தில் கண்டுபிடித்து எழுதி வைத்தால்தான் அது உங்கள் விமானத்துக்கான கையேடு ஆகும். தொழிற்சாலை விமானத்துக்கு அதை வேறு யாரோ எழுதித் தருகிறார்கள். இதற்கு நீங்கள்தான் எழுத வேண்டும்.

பராமரிப்பில் எனக்குப் பிடித்த வேலைகள் சில உண்டு. எண்ணெய் ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று பார்ப்பது. கட்டுப்பாட்டுக் கேபிள் நெடுக ஒரு துணியை வைத்து இழுப்பது. ஓர் இழை அறுந்திருந்தாலும் துணி அதில் மாட்டிக்கொள்ளும். நட்டை முறுக்கி முடித்ததும் நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே ஒரு வண்ணக் கோடு போடுவது. கோடு உடைந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது. ரோட்டாக்ஸ் இன்ஜின் வைத்திருப்பவர்கள் ரப்பர் குழாய்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பார்க்க நன்றாக இருந்தாலும்கூட. இறக்கையின் பின்னோரத்தில் அசையும் தகடான ஏலரானுக்கு மறுபடி பெயின்ட் அடித்தால் அதன் சமநிலையையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். பெயின்டின் எடை கூடினாலே வேகத்தில் இறக்கை படபடத்து உடையும் ஆபத்து வரும்.

கட்டும் ஆசை உள்ளவர்கள் முதலில் வால் பகுதியின் கிட்டை, அதாவது பாகங்களின் தொகுப்பை மட்டும் வாங்குங்கள். பல நிறுவனங்கள் அப்படிப் பிரித்தே விற்கின்றன. ரடர் சின்னது, கெட்டால் மறுபடி செய்யலாம், இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பதும் அதில் தெரிந்துவிடும். 1953-இல் தொடங்கிய ஈஏஏ என்ற, விமானம் கட்டுவோருக்கான அமெரிக்க அமைப்பில் அனுபவமுள்ள கட்டுநர்கள் தன்னார்வலர்களாக வந்து மற்றவர்களின் வேலையைப் பார்த்துச் சொல்கிறார்கள். அப்படி ஒருவர் எங்கே கிடைத்தாலும், ரடரின் கடைசித் தகட்டை மூடுவதற்கு முன்னால் கூப்பிடுங்கள். அவர் முதலில் டார்ச்சை வாங்கி உள்ளேதான் பார்ப்பார்.

நன்றி, வணக்கம்.