திருநெல்வேலி வானில் ஏன் அந்த ஒளி இல்லை?

(பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மின்வேலை தெரிந்தவர் இல்லாத தெருவை நம் வட சென்னையில் தேடித்தான் பார்க்க வேண்டும். அவர்கள் சட்டைப் பையில் இருக்கும் டெஸ்டரிலிருந்தே தொடங்குகிறேன். மின்சாரம் உள்ள இடத்தில் அதை வைத்ததும் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வது சிறிதளவு நியான் வாயு. ஓடும் எலக்ட்ரான்கள் நியான் அணுக்களை மோதுகின்றன; அந்த மோதலில் ஆற்றல் பெற்ற அணு அதை ஒளியாக விட்டுவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. நார்வேயிலும் அலாஸ்காவிலும் இரவு வானில் திரைச்சீலையாய் அசையும் துருவ ஒளியும் இதே நிகழ்ச்சிதான். அங்கே நியானுக்குப் பதில் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனும் நைட்ரஜனும் இருக்கின்றன. திருநெல்வேலிக்கு மேலேயும் காற்று இருக்கிறது, மின்னோட்டமும் ஓடுகிறது; பிறகு அங்கே ஏன் இந்த ஒளி இல்லை என்பதுதான் இன்றைய கேள்வி.

நிறங்களைக் கொண்டே உயரத்தைச் சொல்லிவிடலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பச்சை ஒளி தரும் நிலையில் ஆக்சிஜன் அணு ஒரு நொடிக்கும் குறைவாகவே இருக்கிறது. சிவப்பு ஒளி தரும் நிலையிலோ ஏறத்தாழ 110 நொடிகள் காத்திருக்க வேண்டும். காற்று சற்று அடர்த்தியாக இருந்தாலும் அதற்குள் வேறோர் அணுவோ மூலக்கூறோ மோதி அந்த ஆற்றலைப் பறித்துக்கொள்ளும். ஆகவே 200 கிலோமீட்டருக்கு மேல், காற்று மிக மெலிந்த இடத்தில்தான் சிவப்பு பிழைக்கிறது. பச்சை அதற்குக் கீழே, 100 கிலோமீட்டர் வரை இறங்குகிறது. 2024 மே மாதம், சூரியனின் சீற்றத்தால் பூமியின் காந்தப்புலம் கலங்கிய பெரும் காந்தப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் பதிவான செந்நிற ஒளியும் ஆக்சிஜனின் இந்தச் சிவப்புதான்.

சூரியனிலிருந்து வரும் துகள்கள் காற்றில் மோதி ஒளிர்கின்றன என்று பாடப்புத்தகங்கள் முடித்துவிடுகின்றன. இது போதாத விளக்கம் என்பது என் உறுதியான கருத்து. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்துகள்களின் ஓட்டத்தைச் சூரியக் காற்று என்கிறோம். அதில் வரும் எலக்ட்ரானின் ஆற்றல் பொதுவாகப் பத்து எலக்ட்ரான் வோல்ட் அளவினது; ஒரு வோல்ட் மின்னழுத்தம் ஓர் எலக்ட்ரானுக்குத் தரும் ஆற்றலே ஓர் எலக்ட்ரான் வோல்ட். துருவ ஒளியைத் தோற்றுவிக்கும் எலக்ட்ரானோ ஆயிரம் முதல் பத்தாயிரம் எலக்ட்ரான் வோல்ட் வரை கொண்டு வருகிறது. இடையில் யாரோ அதை உந்தித் தள்ளியிருக்க வேண்டும் அல்லவா?

அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் நடப்பதை எண்ணிப் பாருங்கள்: காந்தப்புலமும் கடத்தியும் ஒன்றையொன்று கடந்து நகர்வதால் மின்சாரம் பிறக்கிறது. மின்னேற்றம் கொண்ட சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தை உரசிச் செல்லும்போதும் அவ்வாறே மின்னழுத்தம் உண்டாகி, காந்தக் கோடுகளையே கம்பிகளாகக் கொண்டு மின்னோட்டம் ஒருபுறம் இறங்கி, வளிமண்டலத்தின் மேலடுக்கில் குறுக்கே ஓடி, மறுபுறம் ஏறித் திரும்புகிறது. அதன் அளவு பத்து லட்சம் ஆம்பியரைத் தொடும். எலக்ட்ரான் எதிர்மின் துகள் என்பதால், மின்னோட்டம் மேலே ஏறும் இடத்தில்தான் எலக்ட்ரான்கள் கீழே பாய்கின்றன. ஒளித்திரை விரியும் இடமும் அதுவே.

இதை முதலில் உணர்ந்தவர் நார்வே நாட்டு அறிஞர் கிறிஸ்டியன் பிர்க்லாண்ட். காற்று நீக்கிய பெட்டிக்குள் காந்தமேற்றிய உருண்டையைத் தொங்கவிட்டு, அதன் துருவங்களைச் சுற்றி ஒளிவளையம் தோன்றச் செய்தார். 1902, 1903 ஆண்டுகளின் கடுங்குளிரில் வடதுருவப் பகுதியில் நிலையங்கள் அமைத்துக் காந்த அளவீடுகள் எடுத்தார். விண்வெளியிலிருந்து மின்னோட்டம் இறங்குகிறது என்ற அவர் கருத்தைப் புகழ்பெற்ற பிரிட்டிஷ் அறிவியலாளர் சிட்னி சாப்மன் ஏற்கவில்லை. பிர்க்லாண்ட் 1917இல் மறைந்தார். செயற்கைக்கோள் அளவீடுகள் அவர் பக்கம் சாட்சி சொன்னது 1966இல்.

உந்துதல் நிகழ்வது தரைக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் மேலே. அங்கே மின்னோட்டத்தைச் சுமக்கப் போதிய எலக்ட்ரான்கள் இல்லாததால், காந்தக் கோட்டின் நெடுக ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்த வேறுபாடு எழுந்து, இருப்பவற்றை விரைந்து தள்ளுகிறது. இது ஒரு வழி. காந்தக் கோடுகளின் வழியே பரவும் ஆல்வேன் அலைகள் எலக்ட்ரான்களை ஏந்தி முடுக்குவது மற்றொரு வழி. இதை 2021இல் கலிஃபோர்னியாவின் ஆய்வகத்தில் நேரடியாக அளந்து காட்டினார்கள்.

இனி திருநெல்வேலிக்கு வருவோம். பூமியின் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாக அமையும் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. கேரளத்தின் திருவனந்தபுரம் அருகே தும்பாவில் 1963இல் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் அதுவே காரணம். இந்தக் காந்த நடுக்கோட்டின் மேல் ஏறக்குறைய 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில், கிழக்கு நோக்கி வலுவான மின்னோட்டம் ஓடுகிறது. ஆனால் அதைச் சுமக்கும் எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்கூட இல்லை. ஆக்சிஜனைப் பச்சையாக ஒளிரச் செய்யவோ நான்கு எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் தேவை. மேலிருந்து வேகமான எலக்ட்ரான்கள் வந்து சேரவும் வழியில்லை. துருவத்தருகே செங்குத்தாய் இறங்கும் காந்தக் கோடுகள் இங்கே தரைக்கு இணையாகப் படுத்துக் கிடக்கின்றன.