கேதத்துக்கு வந்த கேமரா

(மதுரை தல்லாகுளத்தில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர்கள் மறையும்போது நாடு எப்படி அழுகிறது, அந்த அழுகையைப் பத்திரிகையும் டிவியும் எப்படிக் காட்டுகின்றன என்று பேசச் சொன்னார்கள். மதுரையில் இதைப் பேசுவதில் ஒரு வசதி உண்டு. கோரிப்பாளையத்தில் ஆரம்பித்து சிம்மக்கல் போய்ச் சேர்வதற்குள் பத்துக் கண்ணீர் அஞ்சலி போஸ்டராவது கண்ணில் பட்டுவிடும். நின்று பார்த்திருப்பீர்கள். போனவர் படம் மேல் மூலையில் சின்னதாக இருக்கும். அஞ்சலி செலுத்துகிறவர் சலவைச் சட்டையில், கைகூப்பி, ஆளுயரத்துக்கு நிற்பார். அவருக்குக் கீழே இருபது பேர், பட்டப்பெயரோடு. செத்தது யார் என்று தெரிய வேண்டுமானால் வண்டியை நிறுத்திவிட்டுக் கிட்டே போக வேண்டும். (சிரிப்பு)

கேலி செய்யவில்லை. போஸ்டர் அடித்தவருக்கு விவரம் தெரியும். ஒரு பெரிய மனிதர் போனால் ஊர் முதலில் "எப்படிப் போனார்?" என்று கேட்கும். அந்தக் கேள்வி ஆறுவதற்குள் "இனி யாரு?" என்று கேட்கும். டிவி கேமராவும் அந்த இரண்டாவது கேள்வியோடுதான் கேதத்துக்கு வருகிறது. அது உடலைப் பார்ப்பது கொஞ்ச நேரம். உடலுக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பதுதான் அதிகம். செய்தி எப்போது வெளியே வருகிறது, யார் முகம் திரையில் வருகிறது, யார் சாவு கவனிக்கப்படாமலே போகிறது என்பதெல்லாம் பெரும்பாலும் இதைப் பொறுத்தது. இதுதான் என் வாதம். ஒத்துவராத உதாரணமும் இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

1948 ஜனவரி 30. மாலை ஐந்தே கால் மணிக்குச் சற்றுப் பிறகு காந்தி சுடப்பட்டார். ஆறு மணிக்கெல்லாம் அகில இந்திய வானொலி செய்தியைச் சொல்லிவிட்டது. சுட்டவன் ஓர் இந்து என்பதையும் அந்த முதல் அறிவிப்பிலேயே சேர்த்துச் சொன்னார்கள். முஸ்லிம் சுட்டுவிட்டான் என்ற வதந்தி பிர்லா மாளிகை வாசலிலேயே கிளம்பிவிட்டிருந்தது. பிரிவினை ரத்தம் காயாத டெல்லி அது. அந்த ஒரு வாக்கியம் எத்தனை உயிரைக் காப்பாற்றியது என்று யாராலும் கணக்குப் போட முடியாது. ஆனாலும் மகாராஷ்டிரத்தில் கோட்சே பிறந்த சமூகத்தாரின் வீடுகள் எரிந்தன. அதையும் மறைக்கக் கூடாது.

இவ்வளவு சீக்கிரம் செய்தி வந்ததற்கு வானொலிக்காரர்களின் பொறுப்புணர்ச்சி ஒரு காரணம். காந்தி எந்த நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கவில்லை என்பது இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன். யாருக்கும் அவசரமாகப் பதவிப் பிரமாணம் செய்து வைக்க வேண்டிய வேலை இல்லை. மறுநாள் ஊர்வலத்தை மெல்வில் டிமெல்லோ வானொலியில் ஏழு மணி நேரம் வர்ணித்தார். இறுதி ஊர்வலத்துக்குத் திட்டம் போட்டது ராணுவத் தலைமையில் இருந்த ராய் பூச்சர் என்கிற ஆங்கிலேயர். அகிம்சை பேசியவரின் உடல் ராணுவ ஆயுத வண்டியில் போனது. வண்டியின் எஞ்சினை அணைத்துவிட்டு முப்படை வீரர்கள் வடம் பிடித்து இழுத்தார்கள். அரசாங்கம் தன் மரியாதையைத் தனக்குத் தெரிந்த வழியில்தான் செய்யும் போலிருக்கிறது. சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கும் காந்தி மியூசியத்தில் இருக்கிறது. 1921-இல் மேல மாசி வீதியில் மேல்சட்டையைக் கழற்றிய மனிதரின் கடைசித் துணியும் மதுரைக்கே வந்து சேர்ந்தது. பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள்.

இதற்குப் பக்கத்தில் 1984 அக்டோபர் 31-ஐ வைத்துப் பார்க்கலாம். காலை ஒன்பதரை மணிக்குள் இந்திரா காந்தி தன் சீக்கிய மெய்க்காவலர்களால் சுடப்பட்டார். உலகத்துக்கு பிபிசி சொல்லிவிட்டது. மேற்கு வங்கத்தில் இருந்த ராஜீவ் காந்தியே டிரான்சிஸ்டரில் பிபிசியைத்தான் கேட்டார். நம்முடைய வானொலியும் தூர்தர்ஷனும் மாலை வரை காத்திருந்தன. அன்று மாலையே ராஜீவ் பிரதமராகப் பதவியேற்றார். காலைக்கும் மாலைக்கும் நடுவே இருந்த அந்த மௌனத்தில் என்ன நடந்தது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறகு மூன்று நாள் உடல் தீன் மூர்த்தி பவனில் இருந்தது, தூர்தர்ஷன் காட்டிக்கொண்டே இருந்தது. "ரத்தத்துக்கு ரத்தம்" என்று கூட்டம் போட்ட கோஷமும் சேர்ந்து ஒலித்தது என்று பின்னாளில் விசாரணை ஆணையங்களிடம் பலர் சொன்னார்கள். டெல்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். இது அரசே ஒப்புக்கொண்ட கணக்கு. சிதையருகே நின்ற மகனைக் காட்டிய அளவுக்கு சீக்கியர்கள் கொல்லப்பட்டு எரிந்த டெல்லியின் திரிலோக்புரிப் பகுதியைத் திரை காட்டவில்லை. டிசம்பர் தேர்தலில் காங்கிரஸ் நானூறு இடங்களைத் தாண்டியது.

நம் மாநிலத்துக்கு வருவோம். இங்கே ஒரு சின்ன விலகல். 1969-இல் அண்ணாவின் இறுதி ஊர்வலத்துக்கு ஒன்றரைக் கோடிப் பேர் வந்ததாக கின்னஸ் புத்தகம் வரை போயிருக்கிறது. கூட்டம் கடல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்த மக்களே சுமார் 4.12 கோடி. மூன்று பேருக்கு ஒருவர், கைக்குழந்தை உட்பட, ஒன்றரை நாளைக்குள் மெட்ராஸ் வந்திருக்க வேண்டும். ரயில் கூரையில் ஏறிப் போனவர்கள் இருந்த காலம்தான், அதற்காக இவ்வளவா? அண்ணாவின் பெருமைக்கு அந்த எண் தேவையில்லை. சாவுக் கூட்டத்தை எண்ணுகிறபோது யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை, கேட்டால் துரோகி ஆகிவிடுவோம் என்று பயம்.

எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. ராஜாஜி ஹாலில் தலைமாட்டில் ஜெயலலிதா மணிக்கணக்கில் அசையாமல் நின்றார். மறுநாள் பீரங்கி வண்டியில் ஏறியவரைத் தள்ளிவிட்டார்கள். வண்டியில் இடம் யாருக்கு என்ற சண்டை அது. ஜானகி அம்மாள் 24 நாள் முதலமைச்சராக இருந்தார், ஆட்சி கலைந்தது, கட்சி உடைந்தது. 1989 ஜனவரித் தேர்தலில் ஜெயலலிதா அணிக்கு 27 இடம். வண்டியிலிருந்து தள்ளப்பட்டவர்தான் வாரிசு என்று ஜனங்கள் சொல்லிவிட்டார்கள். ஒன்றுசேர்ந்த கட்சி முதலில் ஜெயித்த இரண்டு தொகுதிகளில் ஒன்று நம்முடைய மதுரை கிழக்கு.

2016 டிசம்பர் 5 உங்களுக்கே நினைவிருக்கும். சாயங்காலம் சில சேனல்கள் ஜெயலலிதா இறந்துவிட்டார் என்று போட்டன. ராயப்பேட்டைக் கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மறுப்பு வந்தது, கொடி மறுபடி மேலே ஏறியது. இரவு பதினொன்றரைக்கு உயிர் பிரிந்தது என்று நள்ளிரவு தாண்டி அறிவித்தார்கள். விடிவதற்குள் ஓ.பன்னீர்செல்வம் பதவியேற்றுவிட்டார். அழுகிற அமைச்சர்கள் வரிசையாகப் பிரமாணம் எடுத்த அந்தக் காட்சியைத் தூங்காமல் பார்த்தவர்கள் இந்த அரங்கிலேயே பாதிப் பேர் இருப்பீர்கள். மறுநாள் ராஜாஜி ஹாலில் உடலைச் சுற்றி யார் நின்றார்கள், பிரதமர் யார் தலையில் கை வைத்தார், யாரை அணைத்தார் என்பதே செய்தி. அதிர்ச்சியில் இறந்தவர்கள் என்று கட்சி நூற்றுக்கணக்கான பெயர்களை வெளியிட்டது, குடும்பத்துக்கு மூன்று லட்சம் என்றது. அந்த வீடுகளுக்குப் போய் என்ன ஏது என்று விசாரித்தவர்கள் ரொம்பக் குறைவு.

சடங்கு அதோடு முடிந்ததா? பிப்ரவரி 7 இரவு நம்ம தேனிப் பக்கத்துக்காரர் பன்னீர்செல்வம் சமாதி முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்தார். ஒரு வாரம் கழித்து சசிகலா சிறைக்குப் போகிற வழியில் அதே சமாதியில் மூன்று முறை ஓங்கி அடித்தார். இரண்டும் நேரலை. கருமாதி முடிந்த பிறகும் கேமரா கேத வீட்டை விட்டுக் கிளம்பவில்லை.

2018 ஆகஸ்டில் கலைஞருக்கு மெரினாவில் இடம் கேட்டு ராத்திரியோடு ராத்திரியாக உயர் நீதிமன்றம் போனார்கள். காலையில் தீர்ப்பு வந்தபோது ராஜாஜி ஹாலில் ஸ்டாலின் கைகூப்பி அழுத காட்சி எல்லாச் சேனலிலும் வந்தது. அழுகை நிஜம், அதை நான் சந்தேகிக்கவில்லை. அதே ராஜாஜி ஹாலில் நெரிசலில் இறந்துபோனவர்களைப் பற்றி எத்தனை நிமிடம் பேசினார்கள்? அடுத்த மாதம் சென்னையில், கட்சியிலிருந்து நீக்கப்பட்டிருந்த ஸ்டாலினின் அண்ணன் அழகிரி நடத்திய அமைதிப் பேரணி பற்றி மதுரைக்காரர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டாம். (சிரிப்பு)

வாரிசு இல்லாத சாவு ஒன்றைப் பார்ப்போம். பக்கத்து விருதுநகர்க்காரர். காமராஜர் 1975 காந்தி ஜெயந்தி அன்று போனார். நெருக்கடி நிலைக் காலம். அவர் அதற்கு எதிராக இருந்தவர். எதிர்த்தவரின் சடங்குக்கு இந்திரா காந்தி நேரில் வந்தார். சில மாதங்களில் தமிழ்நாட்டில் அவருடைய கட்சியின் பெரும்பகுதி இந்திரா காங்கிரஸில் சேர்ந்தது, அடுத்த வருடம் பாரத ரத்னாவும் வந்தது. பிள்ளையில்லாத வீட்டுக் கொள்ளிச்சட்டியை எடுக்க ஆள் வந்துவிட்டது என்று ஒரு பெரியவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வி.பி.சிங்குக்கு அதுவும் கிடைக்கவில்லை. 2008 நவம்பர் 27. மும்பை தாஜ் ஹோட்டலில் துப்பாக்கிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. முன்னாள் பிரதமர் ஒருவர் டெல்லியில் இறந்த செய்தி திரைக்குக் கீழே ஓடுகிற எழுத்தாகப் போய்விட்டது. மும்பையைக் காட்டியது தப்பில்லை. ஆனால் மும்பை ஓய்ந்த பிறகும் யாரும் திரும்பி வந்து அவரைப் பற்றிப் பேசவில்லையே! மண்டல் பரிந்துரைப்படி 27 சதவீத இட ஒதுக்கீட்டை அறிவித்தவர். காவிரி நடுவர் மன்றம் அமைந்தது அவர் ஆட்சியில். அவர் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்க ஒரு கட்சி மிச்சமில்லை, அவ்வளவுதான். சரியாகப் பதினைந்து வருடம் கழித்து அதே தேதியில் சென்னையில் அவருக்குச் சிலை திறந்தார்கள்.

ஒத்துவராத உதாரணம் என்றேனே, அது அப்துல் கலாம். மனைவி மக்கள் இல்லை, கட்சி இல்லை. 2015 ஜூலை 27 ஷில்லாங்கில் மாணவர்களுக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்தார். 29-ஆம் தேதி உடல் விமானப்படை விமானத்தில் நம் மதுரைக்குத்தான் வந்தது. இங்கிருந்து ஹெலிகாப்டரில் மண்டபம், பிறகு பாம்பன் தாண்டி ராமேஸ்வரம். மறுநாள் பேய்க்கரும்பில் அடக்கம். தெருவுக்குத் தெரு பள்ளிப் பிள்ளைகள் படம் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். யாரும் லாரி அனுப்பிக் கூட்டி வந்த கூட்டம் இல்லை அது. வாரிசு யார் என்று பார்க்க வழியில்லாததால் கேமரா ஜனங்களைப் பார்த்தது. நான் பார்த்த தலைவர் சாவுகளில் டிவி ஓரளவு ஒழுங்காக நடந்துகொண்டது அப்போதுதான்.

அங்கேயும் நெருடல் உண்டு. அதே 30-ஆம் தேதி காலை நாக்பூர் சிறையில், 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தண்டனை பெற்ற யாகூப் மேமனைத் தூக்கிலிட்டார்கள். இரண்டு முஸ்லிம்களை எதிரெதிரே நிறுத்தி, ஒருவர் நல்லவர் ஒருவர் கெட்டவர் என்று பாடம் எடுத்தவர்கள் அன்று நிறையப் பேர். இரண்டு வருடம் கழித்துப் பேய்க்கரும்பில் நினைவிடம் திறந்தபோது, வீணை வாசிக்கும் கலாம் சிலைக்குப் பக்கத்தில் பகவத் கீதை இருந்தது. எதிர்ப்பு கிளம்பியது, உறவினர் குர்ஆனையும் பைபிளையும் கொண்டுவந்து வைத்தார். வாரிசு இல்லாதவருக்கு ஆளாளுக்கு வாரிசு ஆகப் பார்த்தார்கள். என் வாதம் முழுக்கத் தோற்கவில்லை என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2022-இல் எலிசபெத் ராணி இறந்த கணமே மகன் ராஜா. அறிவிப்புக்காக ஒரு மணி நேரம்கூட அங்கே நாற்காலி காலியாக இருக்காது. எல்லாம் பல வருடத்துக்கு முன்பே எழுதி வைத்த ஏற்பாடு. அதனால் பிபிசிக்கு அந்த நீண்ட வரிசையைக் காட்ட நேரம் இருந்தது, சுமார் இரண்டரை லட்சம் பேர் நின்ற வரிசை. ஆனால் முடியாட்சி வேண்டாம் என்று அட்டை பிடித்தவர்களைப் போலீஸ் கைது செய்தது. மரியாதை அங்கேயும் வாயைப் பொத்தித்தான் வாங்கப்பட்டது.

நம்ம கிராமத்தில் அப்படி இல்லை. உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ கேத வீட்டில் உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும். ஒப்பாரி வைக்கிற அம்மா புகழ்வதோடு நிறுத்த மாட்டார். என்னை நட்டாற்றில் விட்டுட்டுப் போனியே என்று பிணத்தையே திட்டுவார். குடித்து அழித்த நிலத்தைச் சொல்வார், அண்ணன் தம்பி வராமல் போனதைச் சொல்வார். அத்தனை பேர் நடுவில், மார்பில் அடித்துக்கொண்டு. யாரும் வாயை மூடு என்று சொல்ல மாட்டார்கள். திட்டும் பாசமும் ஒரே மூச்சில் வரும். டிவி ஸ்டூடியோவில் முதல் நாள் புகழுரை மட்டும்தான், வசை எல்லாம் வாட்ஸ்அப்புக்குப் போய்விடுகிறது. இரண்டையும் ஒரே வாய் பேசுவதில்லை.

கடைசியாக டெல்லி. 2004 டிசம்பரில் நரசிம்மராவ் உடலைச் சுமந்த வண்டி காங்கிரஸ் தலைமையகத்தின் வாசலில் நின்றது. உள்ளே விடவில்லை. ஹைதராபாத் கொண்டுபோய் எரித்தார்கள். அவர் நிதியமைச்சராகக் கூட்டி வந்த மன்மோகன் சிங் 2024 டிசம்பர் 26 அன்று மறைந்தார். 28-ஆம் தேதி டெல்லி நிகம்போத் காட் மயானத்தில் தகனம். நினைவிடத்துக்கு இடம் ஒதுக்கவில்லை என்று தகராறு. தூர்தர்ஷன் பிரதமரையும் உள்துறை அமைச்சரையுமே காட்டியது, குடும்பத்தாரைக் காட்டவில்லை என்று காங்கிரஸ் புகார் சொன்னது. புகாரில் நியாயம் இருக்கலாம். சொன்னவர்கள் இருபது வருடத்துக்கு முன் ராவுக்குக் கதவைச் சாத்தியவர்கள் என்பதும் உண்மை.

எனக்கு வேறொரு குறை. மன்மோகன் சிங் பிரதமராக இருந்தபோதுதான் 2005-இல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்தது. பேரையூர்ப் பக்கம் கண்மாய்க் கரையில் தட்டு சுமந்த பெண்கள் வங்கியில் கணக்கு ஆரம்பித்து, கூலியைத் தன் பெயரில் வாங்கியது அதனால்தான். நான் பார்த்த சேனல்கள் எதுவும் அவர்களிடம் போய் மைக்கை நீட்டவில்லை. நீட்டியிருந்தால் நல்லது இரண்டு வார்த்தை சொல்லியிருப்பார்கள். மாசக்கணக்கில் நிலுவையில் கிடந்த கூலியைப் பற்றியும் சேர்த்தே சொல்லியிருப்பார்கள்.

நன்றி, வணக்கம்.