ஐகோ சொன்னது யாரு?

(தலைப்பு: முதுமையிலும் உடம்பு வளைய வைப்பது கொரியாவின் தரையா, நாற்காலியா? ‘தரையே’ அணியின் இரண்டாவது பேச்சு)

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். மணி அடிக்கிறதுக்குள்ள முடிக்கணும். மீதி மரியாதையை மனசுக்குள்ள வாங்கிக்குங்க.

எதிரணித் தம்பி ஒரு போடு போட்டுட்டு உக்காந்திருக்காரு. "கொரியப் பாட்டிங்க தரையை விட்டு எழும்போது ‘ஐகோ’ன்னு, நம்ம ‘ஐயோ’ மாதிரி, ஒரு சத்தம் வருதே, அதுதான் தரை வாங்கின சர்டிபிகேட்"னாரு. நீங்க கைதட்டினீங்க. உண்மையைச் சொல்லணும், நானும் தட்டினேன்.

ஆனா அந்த ஐகோவை நான் பக்கத்துல இருந்து கேட்டவன்.

நான் சியோலுக்கு வந்த முதல் வருஷம். கிம்ஜாங் நேரம். குளிர்காலத்துக்கான கிம்ச்சியை, அதாவது காரமான கோஸ் ஊறுகாயை, குடும்பமே கூடிப் போடுவாங்களே, 2013ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறுச்சே, அதேதான். எங்க வீட்டுக்கார ஹல்மோனிக்கு, அதாவது பாட்டிக்கு, 78 வயசு. "வா, உக்காரு"ன்னாங்க. சோபாவைப் பார்த்தேன். சோபா மேல மிளகாய்த்தூள் மூட்டை உக்காந்திருக்கு! கொரிய வீட்டுல சோபா எதுக்கு? கீழ உக்காந்து முதுகு சாய்க்கறதுக்கு.

உக்காந்தேன். நடுவுல சிவப்பு ரப்பர் அண்டா, சுத்தி முட்டைக்கோஸ் மலை. பத்து நிமிஷம் ராஜா மாதிரி இருந்தேன். இருபதாவது நிமிஷம் இடது கால் மரத்துச்சு. அரை மணியில ரெண்டு காலும் யாரோடதுன்னே தெரியலை. ஹல்மோனி? ஒரு கோஸை முடிச்சு, சம்மணத்தைப் பிரிச்சு, உப்புத் தண்ணி வாளியோட எழுந்து போய், திரும்பி வந்து உக்காந்தாங்க. கை ஊன்றலை.

நான் எழுந்த கதைக்கு வாங்க. முதல்ல சுவரைப் பிடிச்சேன். வழுக்குச்சு. கிம்ச்சி ஃபிரிட்ஜ் கதவைப் பிடிச்சேன். அது திறந்துக்கிச்சு. கதவோட நானும் போனேன். கடைசியில அண்டாவைப் பிடிச்சேன்... வேண்டாம், அந்தச் சட்டையை அன்னிக்கே தூக்கிப் போட்டேன். அப்பத்தான் தம்பி, அந்தக் குரல் கேட்டுச்சு: "ஐகோ!"

சொன்னது ஹல்மோனிதான். ஆனா அவங்க முட்டிக்காக இல்லை. என் முட்டிக்காக!

தம்பி தலையாட்டுறாரு. "வயக்காட்டுப் பாட்டிகளோட வளைஞ்ச கால், மூட்டுத் தேய்மானம் எல்லாம்?"னு கேப்பாரு. நியாயம். குத்த வச்சு, குனிஞ்சு, பூண்டும் மிளகாயும் நாள் முழுக்கப் பறிச்சா எந்த முட்டி தாங்கும்? அது தரை பண்ணின வேலை இல்லை, வேலை பண்ணின வேலை. அந்தப் பாட்டிங்க உருண்டையா ஒரு மெத்தையை இடுப்புல கட்டிக்கிட்டு வயல்ல இறங்குவாங்க. போற இடமெல்லாம் நாற்காலி பின்னாடியே வரும். அந்த நாற்காலியை எங்க அணியிலயே சேர்த்துக்கறோம்.

புள்ளிவிவரம் கேக்குறவங்களுக்கு ஒண்ணு. 2012ல வெளிவந்த பிரேசில் ஆய்வு. 51லேர்ந்து 80 வயசு வரைக்கும் 2002 பேரைத் தரையில உக்காந்து எழச் சொன்னாங்க. தடுமாறினவங்ககிட்ட மரணம் கூடுதல். அவ்வளவுதான், ஆய்வுக்கு யாரும் கைதட்ட மாட்டீங்க.

தரையில ஏன் உக்காருறாங்க? ஒண்டோல், அதாவது சூடேத்தின தரை. அந்தக் காலத்துல அடுப்புச் சூடும் புகையும் தரைக்கடியில கல்லுக்கு நடுவே ஓடும். இன்னிக்கு அபார்ட்மெண்ட்ல குழாய்ல வெந்நீர் ஓடுது. சூடு கீழ இருக்கையில மேல எதுக்கு ஏறணும்? அடுப்பை ஒட்டின இடத்துக்குப் பேரு அரென்மோக். அது வீட்டுப் பெரியவங்க இடம். ராத்திரி தாமதமா வர்ற ஆளுக்குச் சோத்துக் கிண்ணத்தை மூடி, அங்கதான் போர்வைக்கடியில வைப்பாங்க.

ஜனவரியில ஒரு நாள் ஆய்வுக்கூடத்துலேர்ந்து பதினொரு மணிக்கு வந்தேன். ஹல்மோனி கதவைத் திறந்தாங்க. அவங்க புருஷன் போய்ச் சேர்ந்துட்டாரு, மகன் பூசான் நகரத்துல. தரையில ஒரு போர்வை, அதுக்கடியில மூடின கிண்ணம். "சாப்பிட்டியா?"ன்னாங்க. எந்த நாற்காலி தம்பி, எனக்குச் சோறு சூடா வச்சிருக்கும்?

எதிர்ல உக்காந்தாங்க. அன்னிக்கு அவங்க முட்டி ‘கடக்’னுச்சு. மறைக்க மாட்டேன். எழும்போது நான் கை நீட்டினேன். முதல் தடவையா வாங்கிக்கிட்டாங்க.

வணக்கம்.