தேன்மொழிக்குக் கொம்பு இருக்கிறது

நடுவர் அவர்களுக்கும், சரஸ்வதி பூசை முடிந்த கையோடு பந்தலிலேயே உட்கார்ந்துவிட்ட பெரியவர்களுக்கும், முன்வரிசைக் குட்டிகளுக்கும் வணக்கம்.

தலைப்பு, 'குழந்தை முதலில் எழுதப் பழக வேண்டியது அகரமா, தன் பெயரா?' பெயர்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் ஒரு குத்து விட்டுவிட்டுப் போனார். "இப்போதெல்லாம் ஹர்ஷவர்தன் என்று பெயர் வைக்கிறார்கள். அவன் தன் பெயரை எழுதிப் பழகுவதற்குள் மீசை முளைத்துவிடும்" என்றார். பந்தலே சிரித்தது.

சரி அண்ணே, உங்கள் வழியிலேயே வருகிறேன். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக மொத்தம் 247 எழுத்தையும் அந்தப் பையன் எழுதி முடித்துவிட்டான். இப்போது அவனைப் பெயர் எழுதச் சொல்லுங்கள். முடியாது! அந்த 247இல் 'ஹ' கிடையாது, 'ஷ' கிடையாது. இரண்டும் கிரந்த எழுத்து. முழு அரிச்சுவடியையும் படித்து முடித்த பிள்ளைக்கு அதில் தன் பெயர் இல்லை. மீசை முளைப்பது யார் வழியில் அண்ணே?

அகரம் எளிது என்று வேறு சொன்னீர்கள். 'அ' எழுதிப் பாருங்கள். சுழிக்க வேண்டும், வளைக்க வேண்டும், குறுக்கே இழுக்க வேண்டும், அப்புறம் நேராக ஒரு கோடு இறக்க வேண்டும். ஐந்து வயது விரலுக்கு அது பெரிய வேலை. அதனால்தான் முதல் வகுப்பு எடுக்கிறவர்கள் பலர் ட, ப, ம என்று கோட்டு எழுத்தில் தொடங்குகிறோம். நானும் ஒன்றாம் வகுப்பு டீச்சர்தான். சிவகங்கைப் பக்கம் சின்னப் பள்ளி.

அங்கே நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகளின் பெயரை மாற்றித்தான் சொல்கிறேன்.

தேன்மொழி என்று ஒரு குட்டி. சிலேட்டில் முதலில் 'த' போட்டாள். அதற்குப் பின்னால் இரட்டைக் கொம்பைப் போட்டாள். "கொம்பு முன்னாடி வரணும்மா" என்றேன். நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "வாயில 'த'தானே டீச்சர் முதல்ல வருது? கொம்பு ஏன் முன்னாடி வரணும்?"

நடுவர் அவர்களே, எத்தனை இலக்கணம் படித்திருந்தாலும் அந்தக் கேள்விக்கு உடனே பதில் வராது. எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன்: "மாட்டுக்குக் கொம்பு முன்னாடிதானே இருக்கு?"

அவ்வளவுதான். வகுப்பே எழுந்துவிட்டது. "டீச்சர், எனக்குக் கொம்பு இருக்கா?" சேகருக்கு இருக்கிறது. மேரிக்கு இருக்கிறது. செல்விக்கு ஒற்றைக் கொம்பு. "எனக்கு ரெட்டை, உனக்கு ஒத்தைதான்" என்று சேகர் அவளிடம் பெருமை அடிக்கிறான். கோபாலுக்குக் கொம்பும் இருக்கிறது, இரண்டு காலும் இருக்கிறது. "டீச்சர், நான் மாடு மாதிரியே இருக்கேன்!" என்று துள்ளுகிறான். தேன்மொழி தன் பெயரை முழுசாக எழுதிப் பார்த்தால், 'தே'யில் ஒரு கொம்பு, 'மொ'வில் இன்னொரு கொம்பு, கூடவே ஒரு கால். அன்று வகுப்புக்கு அவள்தான் ராணி.

மூலையில் ஓர் அழுகைச் சத்தம். முரளி. மு, ர, ளி. கொம்பும் இல்லை, காலும் இல்லை. "எனக்கு ஒண்ணுமே இல்ல டீச்சர்." பக்கத்தில் உட்கார்ந்து 'ளி'யின் தலைமேல் வளைகிற மேல்விலங்குக் குறியைக் காட்டினேன். "இங்க பாரு, உனக்குத் தொப்பி இருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொப்பி போட்டவர்கள் யார் யார் என்று வகுப்பெல்லாம் சுற்றித் தேடப் போய்விட்டான்.

ஒரு மத்தியானம்! கொம்பு, கால், மேல்விலங்கு எல்லாம் முடிந்தது. நான் கரும்பலகையில் ஒரு மாதம் எழுதிப் போட்டிருந்தாலும் அந்தத் துள்ளல் வந்திருக்குமா அண்ணே? பிஞ்சுக் கையில் பென்சிலைத் திணிக்கவும் நான் சொல்லவில்லை. மணல் போதும், தட்டில் பரப்பிய அரிசி போதும், கோலமாவு போதும். எழுத்து இடவலமாகத் திரும்பி வந்தால் திட்டாதீர்கள். அந்த வயதில் அப்படித்தான் வரும்.

கடைசியாக ஒன்று. என் அப்பத்தா பெயர் அஞ்சலை. கல்யாணத்துக்குச் சீராக வந்த பித்தளைச் செம்பில் அவர் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருப்பார்கள். அப்பத்தாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. விளிம்பில் இருக்கும் சொட்டையை வைத்துத்தான் தன் செம்பு என்று எடுப்பார்.

நான் ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது செம்பை நீட்டி, "இதுல நான் எங்கடி இருக்கேன்?" என்று கேட்டார். அ... ஞ்... ச... என்று கூட்டினேன். கடைசி எழுத்தில் நின்றுவிட்டேன். 'ல'வுக்கு முன்னால் யானைத் துதிக்கை மாதிரி ஏதோ சுழித்திருந்தது. அப்பா வந்து, "அது பழைய லை. 1978ல எழுத்தை மாத்தினப்ப துதிக்கையை எடுத்துட்டாங்க" என்றார்.

அப்பத்தா ஆள்காட்டி விரலை முதல் புள்ளியில் வைத்தார். அந்த விரலை நான் பிடித்துக்கொண்டேன். புள்ளி மேல் புள்ளியாக நகர்த்தினோம். தினமும் பாத்திரம் கழுவியதும் அதுதான் எங்களுக்கு வேலை.

பிறகு கைநாட்டு வைக்கும் இடத்திலெல்லாம் அப்பத்தா பெயர் எழுதினார். ஆ தெரியாது, இ தெரியாது. அகரம் தெரியும் அண்ணே, அது அவர் பெயருக்குள்ளேயே இருந்தது. "இப்ப லை அப்படி எழுதறதில்ல அப்பத்தா" என்று ஒருநாள் திருத்தப் போனேன். "என் பேரு அப்படித்தான்டி இருக்கு" என்றார். சாகும்வரை துதிக்கையோடுதான் எழுதினார்.

நடுவர் அவர்களே, அந்தச் செம்பைக் கொண்டுவந்திருக்கிறேன். இதோ. தடவிப் பாருங்கள், அந்த லை மட்டும் தேய்ந்திருக்கும்.