நாலரைச் சுற்றும் பாட்டியின் பால்மரக் கத்தியும்: ஸ்கேட்டிங் சீசன் வந்தாச்சு!

[திரையில்: பனித்தளத்தில் ஒருவர் முன்னோக்கிச் சறுக்கி வருகிறார். படம் உறைகிறது.]

மக்களே, இங்கேயே நிறுத்துகிறேன். அடுத்த ஒரு நொடிக்குள் இந்த 17 வயதுப் பையன் காற்றில் நாலரைச் சுற்றுச் சுற்றி ஒற்றைக் காலில் இறங்கப் போகிறான், அதுவரை எந்தப் போட்டியிலும் யாரும் முழுசாகச் செய்து முடிக்காத ஒன்று. யுசுரு ஹன்யூ, இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், 2022 பிப்ரவரியில் பெய்ஜிங்கில் முயன்று விழுந்தார். சரி, பையன் இதை எங்கே செய்தான்? ஒலிம்பிக்கிலா, உலகப் போட்டியிலா? இல்லை. 2022 செப்டம்பர் 14, அமெரிக்காவில் லேக் பிளாசிட் என்ற சின்ன ஊரில், சீசன் தொடக்கத்தில் நடக்கிற ஒரு சின்னப் போட்டியில்! பையன் பெயர் இலியா மாலினின்.

இதனால்தான் சொல்கிறேன், சீசன் முடிவை மட்டும் பார்க்கிறவர்கள் பாதியைத் தவற விடுகிறார்கள்.

[திரையில்: சுங்கை சிப்புட், காலை, செம்பனை லாரி கடக்கிறது]

வணக்கம், மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: சீசன் கணக்குக்கு ஜூலை 1-இல் ஆரம்பம், ஆகஸ்டில் ஜூனியர் போட்டிகள், அக்டோபர், நவம்பரில் கிராண்ட் பிரீ என்ற ஆறு போட்டிகள், அவற்றின் மொத்தக் கணக்கில் முதல் ஆறு இடம் பிடித்தவர்களுக்கு டிசம்பரில் இறுதிப் போட்டி. அவ்வளவுதான்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். கத்தி!

ஸ்கேட்டிங் காலணிக்கு அடியில் இருக்கிற இரும்பு தட்டையானது இல்லை. நடுவில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும், அதனால் ஒரே இரும்புக்கு இரண்டு விளிம்பு, கால் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. உடம்பை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்த விளிம்பு பனியைக் கடிக்கும், பாதை அந்தப் பக்கம் வளையும். இதை நான் போன வருஷம் பாட்டிக்கு விளக்க ஆரம்பித்தேன். பாட்டி முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இரண்டு வாக்கியம்கூட முடிக்கவில்லை, "தெரியுதுடா, கத்தி சாய்ப்புதானே" என்றார்.

யோசித்துப் பாருங்கள், அதேதான்! பால் ஓடுகிற குழாய்கள் பட்டைக்குள்தான், அதுவும் மரத்தோடு ஒட்டிய பக்கத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. கத்தி மேலோட்டமாகப் போனால் பால் வராது, ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், அப்புறம் அந்த இடம் முண்டு முண்டாகிவிடும். இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரம் மரமாக அந்தச் சாய்ப்பை மாற்றாமல் வெட்டின கை அது.

அந்தக் கண் எதைப் பிடித்தது தெரியுமா? லட்ஸ் என்றொரு தாவல், ஃபிளிப் என்றொரு தாவல். இரண்டிலும் பின்னோக்கிச் சறுக்கி, மறு காலின் இரும்பு முனையில் இருக்கிற பல்லைப் பனியில் குத்தி எழும்புவார்கள், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம் விளிம்பில்தான். ஃபிளிப்புக்கு உள் விளிம்பு. லட்ஸுக்கு வெளி விளிம்பு, அதாவது பாதை ஒரு பக்கம் வளையும், உடம்பு அதற்கு எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும்! அதனால்தான் மூன்று சுற்று ஃபிளிப்புக்கு அடிப்படை மதிப்பெண் 5.30, லட்ஸுக்கு 5.90. பலருக்கு எழும்புகிற கடைசிக் கணத்தில் கால் உள்பக்கம் சரிந்துவிடும், நடுவர்கள் மெதுவோட்டத்தில் பார்த்து மதிப்பெண்ணைக் குறைப்பார்கள்.

பாட்டிக்கு மெதுவோட்டம் தேவைப்படவில்லை. ஒரு பெண் எழும்பினதும் "கத்தி புரண்டுருச்சு" என்றார். அந்தப் பெண்ணின் மதிப்பெண் தாள் வந்தது, லட்ஸ் பக்கத்தில் விளிம்புத் தவறு என்று குறி! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஸ்கேட்டிங் பணக்கார நாட்டு விளையாட்டு, நமக்கு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், இதைப் பார்க்கிற கண் நம் லயத்து வீடுகளில் எப்போதோ இருந்திருக்கிறது.

[திரையில்: மாலினின் படம் மறுபடி]

இந்தப் பையன் செய்தது ஆக்ஸல் என்ற தாவல். முன்னோக்கி எழும்புகிற ஒரே தாவல் அதுதான், இறங்குவது பின்னோக்கி, அந்த அரைச் சுற்று கூடுவது அதனால்தான். நாலு சுற்று ஆக்ஸல் என்றால் நாலரை. அடிப்படை மதிப்பெண் 12.50.

நம் நாட்டுக்காரரையும் சொல்லியாக வேண்டும். ஜூலியன் யீ, சன்வே பிரமிட் பேரங்காடிப் பனித்தளத்தில் பழகி வளர்ந்தவர், 2017 சீ விளையாட்டுப் போட்டியில், அதாவது தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம், 2018-இல் பியோங்சாங் ஒலிம்பிக். அங்கே 24 பேர் அடுத்த சுற்றுக்குப் போனார்கள். அவர் 25-ஆவது. இன்னும் எனக்கு அது ஆறவில்லை.

ஜூனியர் போட்டிகளைச் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கமே யூடியூபில் பல வருஷமாக இலவசமாக ஒளிபரப்பி வருகிறது, அங்கிருந்து தொடங்குங்கள். லட்ஸ் வரும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், இடது காலைப் பாருங்கள், கண்டுபிடித்தால் கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் பாட்டிக்கு வாசித்துக் காட்டுவேன். ஐரோப்பாவில் ராத்திரி நடக்கிற போட்டி நமக்கு விடியற்காலை மூணு, நாலு மணிக்கு வரும். பாட்டி பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு எழுந்த பழக்கத்தில் இன்னும் நாலு மணிக்கு விழித்துக்கொள்கிறார், என்னையும் அவரே எழுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.